கேலிக் பேசினால் தண்டனை என்று சட்டம் இருந்ததா?

கேள்வியை ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்து பற்றிய ஒரு தொடரைப் பார்த்திருக்கிறீர்கள். 1746-ல் கல்லோடன் போரில் மலைநாட்டுக்காரர்கள் தோற்ற பிறகு, கேலிக் மொழி பேசக்கூடாது, பேக்பைப் ஊதக்கூடாது, கில்ட் என்ற ஆண்களின் பாவாடை போன்ற உடையைக் கட்டக்கூடாது என்று ஆங்கிலேய அரசு சட்டம் போட்டது, மீறியவர்களைத் தூக்கில் போட்டது என்று அதில் வருகிறது. இது நிஜமா, அந்தச் சட்டங்கள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள்ளேயே இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது: ஒரு மொழியைச் சட்டம் போட்டுச் சாகடிக்க முடியுமா? முதல் கேள்விக்கு என் பதில், கில்ட் விஷயம் நிஜம், மற்ற இரண்டும் இல்லை. இரண்டாவதற்கு என் பதில், பெருமளவுக்கு முடியும். ஆனால் தொடரில் வரும் சட்டம் அதைச் செய்யவில்லை.

நான் சட்டக் கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் சட்ட வரலாறு நடத்தியவன். கேலிக் எனக்குத் தெரியாது. அந்த மொழிக் கவிஞர்களை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். சட்டங்களை மட்டும் மூல வாசகத்திலேயே படித்திருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்தில் என் பேச்சை நம்பலாம். ஒவ்வொரு வருடமும் மாணவர்களிடம் 1746 சட்டத்தின் நகலைக் கொடுத்து, "இதில் மொழியைத் தடை செய்யும் பிரிவு எது, கண்டுபிடியுங்கள்" என்பேன். பத்து நிமிடம் தாளைப் புரட்டும் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி, "சார், அப்படி ஒண்ணுமே இல்லையே" என்பார். இல்லைதான். கேலிக் என்ற சொல்லும் இல்லை, பேக்பைப் என்ற சொல்லும் இல்லை.

இருப்பது என்ன? முதலாவது ஆயுதம். 1716-லும் 1725-லும் ஏற்கெனவே ஆயுதப் பறிமுதல் சட்டங்கள் வந்திருந்தன. மக்கள் துருப்பிடித்த கத்திகளை ஒப்படைத்துவிட்டு நல்லதைக் கூரைக்குள் செருகி வைத்துக்கொண்டார்கள். 1746-ல் தண்டனையைக் கூட்டினார்கள்: 15 பவுண்ட் அபராதம், கட்ட முடியாதவன் உடல் தகுதியோடு இருந்தால் அமெரிக்காவில் சிப்பாயாகப் போக வேண்டும். இரண்டாவது உடை. பிளெய்டு என்ற நீள் போர்வை, சிறிய கில்ட், மலைநாட்டுக் கால்சட்டை, தோள் கச்சை, டார்ட்டன் என்ற கட்டம் போட்ட துணியில் தைத்த மேலங்கி என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடுகிறது சட்டம். நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சி சத்தியம் செய்தால் போதும், முதல் முறை ஜாமீன் இல்லாமல் ஆறு மாதச் சிறை, இரண்டாம் முறை ஏழு வருடம் கடல் கடந்த குடியேற்றங்களுக்கு நாடுகடத்தல். மரண தண்டனை கிடையாது. தடை ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும்தான், பெண்களுக்கு இல்லை. மூன்றாவதாகப் பள்ளிகள் பற்றி ஒரு பகுதி உண்டு. ஆசிரியர்கள் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும், பிரார்த்தனையில் அரச குடும்பத்தைப் பெயர் சொல்லி வேண்ட வேண்டும் என்கிறது. எந்த மொழியில் வேண்ட வேண்டும் என்று சொல்லவில்லை.

அப்படியானால் பேக்பைப் கதை எங்கிருந்து வந்தது? ஜேம்ஸ் ரீட் என்ற ஒரு பைப்பர் இருந்தார். அரியணைக்கு உரிமை கோரி இளவரசர் சார்லஸ் ஸ்டூவர்ட் நடத்திய கலகம்தான் கல்லோடனில் தோற்றது. அந்தக் கலகப் படையோடு வந்து பிடிபட்ட ரீட் மீது யார்க் நகரில் வழக்கு நடந்தது. நான் ஆயுதம் ஏந்தவில்லை, வாத்தியம்தான் ஊதினேன் என்பது அவர் தரப்பு. ஜூரிகள் கருணை காட்டச் சொன்னார்கள். நீதிமன்றமோ, மலைநாட்டுப் படை பைப்பர் இல்லாமல் அணிவகுத்ததே இல்லை, ஆகவே பேக்பைப் போர்க்கருவிதான் என்றது. 1746 நவம்பரில் தூக்கிலிட்டார்கள். ஆனால் கவனியுங்கள், அது ராஜத்துரோக வழக்கு. அவர் பிடிபட்டபோது நாம் பேசும் சட்டம் பிறக்கவே இல்லை. ஒரு வழக்கில் நீதிபதி சொன்ன காரணம், இருநூறு வருடம் வாய் மாறி வாய் மாறி, 'பேக்பைப் தடைச் சட்டம்' ஆகிவிட்டது.

உடைத் தடையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு விலக்கு: அரசரின் படையில் அதிகாரியாகவோ சிப்பாயாகவோ இருப்பவருக்கு இது பொருந்தாது. தாத்தா கட்டிய உடையைக் கட்ட ஆசையா, வா, படையில் சேர். லண்டனில் தலை வெட்டப்பட்ட லோவட் பிரபுவின் மகன் சைமன் ஃப்ரேசர், பத்தே வருடத்தில், 1757-ல், அதே அரசருக்காக மலைநாட்டுப் படைப்பிரிவு ஒன்றைத் திரட்டினார். மக்கிளவுட் பிரபு என்ற ஜான் மெக்கென்சி கலகத்தில் தந்தையோடு சேர்ந்து போரிட்டவர், மன்னிப்புப் பெற்றவர், ஸ்வீடனில் பல வருடம் படைச் சேவை செய்துவிட்டுத் திரும்பி வந்து தானும் ஒரு பிரிவைத் திரட்டினார். அந்தப் பிரிவு 1780-ல் வந்து இறங்கிய இடம் மதராஸ். 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஐதர் அலியின் படையை எதிர்த்து நின்றவர்களில் அவர்களும் உண்டு. அன்று பைப்பர் வாசித்ததைக் கேட்டு மகிழ்ந்த தளபதி அயர் கூட், வெள்ளி பேக்பைப் வாங்க 50 பவுண்ட் தருவதாகச் சொன்னார் என்பது அந்தப் படைப்பிரிவின் வரலாற்றில் உள்ள செய்தி. படைப்பிரிவுக் கதைகளை எப்போதும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். தேதிக் கணக்கில் மட்டும் சந்தேகம் இல்லை: உடைத் தடை நீக்கப்பட்டது 1782-ல். அந்தப் பைப்பர் பரங்கிப்பேட்டையில் ஊதிக்கொண்டிருந்த நாளில், ஊரில் இருந்த அவருடைய அண்ணன் தம்பி கில்ட் கட்டினால் சட்டப்படி சிறை.

தடை எவ்வளவு கடுமையாக அமலானது என்பது வேறு விஷயம். ஆரம்ப வருடங்களில் ராணுவ ரோந்து இருந்தது, ஆட்களைப் பிடித்தார்கள். பிறகு தளர்ந்துவிட்டது. கில்ட்டின் நடுவில் நாலு தையல் போட்டு, இது தடையில் இல்லாத சாதாரணக் கால்சட்டைதான் என்று வாதாடி ஒருவர் விடுதலையானதாக 19-ம் நூற்றாண்டு நூல்களில் ஒரு கதை வரும். நல்ல கதை, கதை என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். கவிஞர் டங்கன் பான் மெக்கின்டயரின் பாட்டு அப்படியல்ல, அச்சில் இருக்கிறது. அவர் கலகக்காரர் அல்ல, அரசு தரப்பில் நின்று போரிட்டவர். அவரே, கில்ட்டுக்குப் பதிலாகப் போட வேண்டிவந்த கால்சட்டையைத் திட்டி ஒரு பாட்டுக் கட்டினார்: அரசருக்காகச் சண்டை போட்ட எங்களுக்கும் இந்தத் தண்டனையா என்பது அதன் சாரம். மலைநாட்டில் ஒரு பெரும் பகுதி கலகத்தில் சேரவே இல்லை. சட்டம் அந்த வித்தியாசம் பார்க்கவில்லை.

குல அமைப்பை உண்மையில் அடித்தது, அடுத்து வந்த பரம்பரை நீதி அதிகார ஒழிப்புச் சட்டம். தொடரில் இது வந்திருக்காது, கேமராவுக்குக் காட்ட எதுவும் இல்லை. அதுவரை பல பிரபுக்களும் குலத்தலைவர்களும் தங்கள் நிலத்தில் தாங்களே நீதிமன்றம் நடத்தினார்கள். பழைய உரிமைப் பத்திரங்களில் 'குழியும் தூக்குமரமும்' என்று ஒரு தொடர் வரும். ஆண் குற்றவாளியைத் தூக்கிலிடவும் பெண் குற்றவாளியைத் தண்ணீர்க் குழியில் மூழ்கடிக்கவும் உள்ள அதிகாரம் என்று பொருள். 18-ம் நூற்றாண்டில் அது பெரும்பாலும் ஏட்டளவில்தான் இருந்தது, ஆனால் தலைவர் நினைத்தால் உன்னைக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்ற பயம் ஏட்டளவில் இல்லை. 1748-ல் இது போயிற்று. விசுவாசமாக இருந்தவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். மொத்தம் ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல், அதில் ஆர்கைல் கோமகனுக்கு மட்டும் 21,000. கலகம் செய்தவர்களுக்கு எதுவும் இல்லை, நிலமும் போனது.

சரி, மொழி? இங்கேதான் நூற்றைம்பது வருடம் பின்னால் போக வேண்டும். 'ஆங்கிலேய அரசு' என்று கேட்டீர்களே, அதையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கேலிக்கின் மீது பெயர் சொல்லிக் கை வைத்தது லண்டன் நாடாளுமன்றம் அல்ல. எடின்பரோவில் இருந்த ஸ்காட்லாந்து அரசுதான். அதாவது தாழ்நிலத்து ஸ்காட்லாந்துக்காரர்கள். 1608-ல் தீவுகளின் குலத்தலைவர்களை, பிரசங்கம் கேட்க வாருங்கள் என்று ஒரு கப்பலுக்கு அழைத்துக் கைது செய்தார்கள். அடுத்த வருடம் ஐயோனா தீவில் ஒன்பது தலைவர்கள் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பரிவாரத்தைக் குறை, ஒயின் இறக்குமதியை நிறுத்து, ஊர் ஊராகத் திரியும் பாணர்களை ஆதரிக்காதே என்று அதில் பல உண்டு. ஒரு விதி மட்டும் தனியாக நிற்கிறது: 60 மாடு வைத்திருக்கும் அளவுக்கு வசதியுள்ள எவரும் மூத்த மகனை, மகன் இல்லாவிட்டால் மூத்த மகளை, தாழ்நிலப் பள்ளிக்கு அனுப்பி ஆங்கிலம் பேசவும் படிக்கவும் எழுதவும் பழக்க வேண்டும்.

1616-ல் திருகை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்கள். தீவுகளில் பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் ஒன்பது வயது தாண்டியதும் தாழ்நிலப் பள்ளிக்குப் போக வேண்டும். ஆங்கிலம் எழுதப் படிக்கப் பேசத் தெரியாதவனை அப்பாவின் சொத்துக்கு வாரிசாக ஏற்கமாட்டோம். அதே வருடம் பிறந்த பள்ளிச் சட்டம், அந்த மொழிதான் மலைநாட்டின் காட்டுமிராண்டித்தனம் நீடிப்பதற்கு முதன்மைக் காரணங்களில் ஒன்று, அதை ஒழித்து அகற்ற வேண்டும் என்று பச்சையாகவே சொல்கிறது. மொழியை அது 'ஐரிஷ்' என்று குறிப்பிடுகிறது. ஒரு காலத்தில் ஸ்காட்லாந்து அரசவையிலேயே ஒலித்த மொழி, ஒரு சொல்லில் அடுத்த நாட்டான் மொழி ஆகிவிட்டது.

சட்டம் நடத்துபவன் என்ற முறையில் 1616-ஐத்தான் நான் மிகக் கூர்மையான ஆயுதம் என்பேன். ஊராரின் வாயை அது மூடவில்லை. ஊரார் எப்போதும்போல் கேலிக்கிலேயே பேசினார்கள், பாடினார்கள், சாமி கும்பிட்டார்கள். அது பிடித்தது வாரிசை. பாணர்களுக்குச் சோறு போட்டவன் குலத்தலைவன், வைத்தியம் எழுதிய பரம்பரைக்கு நிலம் கொடுத்தவன் அவன். அவன் மகன் வேறு மொழியில் யோசிக்கத் தொடங்கினால் போதும். இதில் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். விதிகள் அப்போது அரைகுறையாகத்தான் அமலாயின, தலைவர்களை மாற்றியது சட்டத்தைவிடக் கடன்தான் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். வருடா வருடம் எடின்பரோ போய் அரசரின் ஆலோசனை மன்றமான பிரிவி கவுன்சில் முன் ஆஜராக வேண்டும் என்ற கட்டாயம், அங்கே தங்கும் செலவு, அந்தஸ்துக்கு ஏற்ற உடை, எல்லாம் சேர்ந்து அவர்களைக் கடனாளி ஆக்கின. எனக்கு இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிட்டதாகவே தோன்றுகிறது.

பெயரையே தடை செய்த கொடுமையும் இதே காலம்தான். 1603-ல் மெக்ரிகர் குலத்தின் பெயரைச் சொல்லிக்கொள்வதே மரண தண்டனைக்குரிய குற்றம் ஆயிற்று. இடையில் சில பத்தாண்டுகள் தடை நீங்கி, மீண்டும் வந்து, 1770-களில்தான் கடைசியாக ஒழிந்தது. புகழ்பெற்ற ராப் ராய் மெக்ரிகர் தாய் வழிப் பெயரான கேம்பெல்லைப் போட்டுக் கையெழுத்திட்டது அதனால்தான். தொடரில் வரும் 'தூக்கு' உண்மையாகப் பொருந்துவது இந்தச் சட்டத்துக்குத்தான்.

1709-ல் கிறிஸ்தவ அறிவைப் பரப்ப எடின்பரோவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது மலைநாட்டில் நடத்திய பள்ளிகளில் கேலிக்குக்கு இடமில்லை. குழந்தைகள் ஆங்கில பைபிளைக் கிளிப்பிள்ளை மாதிரி உரக்க வாசித்தார்கள், ஒரு வரி புரியாமல். சங்கத்தின் ஆசிரியர்களில் ஒருவர் கவிஞர் அலஸ்டர் மெக்டொனால்ட். ஆங்கிலம் கற்பிக்க உதவியாக ஒரு கேலிக்-ஆங்கிலச் சொற்பட்டியலைச் சங்கம் அவரிடம் கேட்டது, 1741-ல் அச்சிட்டது. நாலு வருடம் கழித்து மனிதர் வேலையை உதறிவிட்டு இளவரசர் சார்லஸின் படையில் கேப்டன் ஆகிவிட்டார்! 1751-ல் தன் கவிதைகளைப் புத்தகமாகப் போட்டார். மதம் சாராத கேலிக் இலக்கியம் அச்சேறியது அதுதான் முதல் தடவை. பிரதிகளை எடின்பரோ சந்தையில் தூக்குக்காரன் கையால் எரித்தார்கள் என்று சொல்வார்கள். பரம்பரைச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சங்கமும் பிறகு மனம் மாறியது. புரியாத மொழியில் வேதம் ஏறாது என்று தெரிந்து, 1767-ல் கேலிக் புதிய ஏற்பாட்டை அதுவே வெளியிட்டது.

1872-ல் வந்த கல்விச் சட்டம் 5 முதல் 13 வயது வரை எல்லோருக்கும் பள்ளியைக் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம், ஏழைக் குழந்தைகள் படித்தார்கள். கேலிக்கைப் பற்றி அதில் ஆதரவாகவும் ஒரு வார்த்தை இல்லை, எதிர்த்தும் ஒரு வார்த்தை இல்லை. அதுவரை கேலிக்கிலேயே படிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சிறு பள்ளிகள் பல தீவுகளில் இருந்தன. கட்டாயப் பள்ளி வந்ததும் அவை தேய்ந்து போயின. புது ஆசிரியருக்குப் பெரும்பாலும் கேலிக் தெரியாது, தெரிந்தாலும் பேசக்கூடாது என்பது வழக்கம். 'தொங்கு குச்சி' என்று பொருள்படும் பெயரில் ஒரு கட்டையைக் கயிற்றில் கோர்த்து, கேலிக் பேசிய பிள்ளையின் கழுத்தில் மாட்டினார்கள் என்று முதியவர்களின் நினைவுகள் பதிவாகியிருக்கின்றன. எல்லாப் பள்ளியிலும் இருந்ததா என்றால் இல்லை. ஆனால் எந்தச் சட்டமும் அதைச் செய்யச் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. கேலிக் பேசும் பகுதிகளில் அந்த மொழியைக் கற்பிக்க ஏற்பாடு வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் பள்ளியின் தலையில் கட்டவும் முடியாது. குல மக்கள் தாங்கள் தலைமுறைகளாக உழுத மண்ணில் தங்களுக்கு உரிமை உண்டு என்று நம்பினார்கள். அதற்கு 'தூஹஸ்' என்று பெயர். எந்தப் பத்திரத்திலும் அது எழுதப்படவில்லை. பத்திரம் தலைவன் பெயரில் இருந்தது. அவனும் அவன் இடத்துக்கு வந்த பிரபுவும் ஆடு வளர்ப்பில் லாபம் பார்த்தபோது, நீதிமன்றத்துக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை, இருந்த பத்திரமே போதும். 1814-ல் சதர்லண்டின் ஸ்ட்ராத்னேவர் பள்ளத்தாக்கில் குடிகளை வெளியேற்றி வீட்டுக் கூரைகளுக்குத் தீ வைத்த விவகாரத்தில், பண்ணை நிர்வாகி பேட்ரிக் செல்லர் மீது 1816-ல் வழக்கு நடந்தது. விடுதலை. குடிகளுக்கு நிலத்தில் நிலைத்த பாதுகாப்பு கிடைத்தது 1886-ல்தான். அதற்குள் கப்பல் கப்பலாகக் கனடாவுக்குப் போயிருந்தார்கள், மொழியும் அவர்களோடு போயிற்று. மிச்சமிருந்த பெற்றோரும் கிளாஸ்கோவில் வேலை கிடைக்க ஆங்கிலம் வேண்டும் என்று தாங்களே பிள்ளைகளிடம் மொழியை மாற்றினார்கள். 1891 கணக்கெடுப்பில் சுமார் 2,54,000 பேர் கேலிக் பேசினார்கள். 2001-ல் சுமார் 58,650.

அயர்லாந்தையும் சேர்த்துக் கேட்டிருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும், அங்கே சட்டம் நேராகவே பேசியது. 1366-ல் கில்கென்னியில் போட்ட சட்டம் அங்கே குடியேறிய ஆங்கிலேயர்கள் ஐரிஷ் பேசக்கூடாது, ஐரிஷ் பாணர்களை வீட்டில் சேர்க்கக்கூடாது என்றது. ஆங்கிலத்தைக் காப்பாற்ற வந்த அந்தச் சட்டம் எழுதப்பட்ட மொழி பிரெஞ்சு. 1737-ல் நீதிமன்ற நடவடிக்கை முழுவதும் ஆங்கிலத்தில்தான் என்று ஒரு சட்டம், மீறினால் 20 பவுண்ட் அபராதம்.

ஸ்காட்லாந்தில் இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2005-ல் கேலிக் மொழிச் சட்டம் வந்தது, 2025-ல் அதிகாரபூர்வ மொழி என்ற நிலையும் கிடைத்தது. 2022 கணக்கெடுப்பில் பேசுபவர் எண்ணிக்கை சுமார் 69,700 ஆகக் கூடியது. ஆனால் மொழியின் கடைசிக் கோட்டையான மேற்குத் தீவுகளில் பேசுபவர் விகிதம் குறைந்திருக்கிறது. அந்தத் தீவுகளின் உள்ளாட்சி மன்றம் 2020-ல் ஒரு முடிவு எடுத்தது: முதல் வகுப்பில் சேரும் குழந்தைக்கு இனி பயிற்றுமொழி கேலிக்தான், ஆங்கிலம் வேண்டும் என்கிற பெற்றோர் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.